ஃப்ரீ ஜாஸ் கேட்கத் தொடங்குவது எப்படி? புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃப்ரீ ஜாஸ் என்று எங்கோ கேள்விப்பட்டு, யூடியூபில் தேடி, முதலில் வந்ததைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கோளாறு அவர்கள் காதில் இல்லை, தொடங்கிய இடத்தில்தான். தேடினால் எளிதில் கிடைப்பவை சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1965இல் பதினொரு பேரைச் சேர்த்துப் பதிவு செய்த 'அசென்ஷன்', பீட்டர் ப்ரோட்ஸ்மன் 1968இல் எட்டுப் பேர் கொண்ட குழுவோடு வாசித்த 'மெஷின் கன்' போன்றவை. இரண்டும் மகத்தானவை. ஆனால் முதல் நாளே அங்கே போய் நின்றால் யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்துப் பார்க்கக் காதுக்கு அவகாசம் கிடைக்காது.

அதனால் இங்கே பெரும்பாலும் சின்னக் குழுக்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இரண்டு பேர், மூன்று பேர், அதிகம் போனால் ஐந்து பேர். விரல் விட்டு எண்ண முடிந்தால்தான் ஒவ்வொருவரையும் பின்தொடர முடியும்.

வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும். அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் கார்ட்ஸ் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை திரும்பத் திரும்பச் சுழலும், வாசிப்பவர் அந்தச் சுழற்சிக்குள் நின்று கற்பனையாக வாசிப்பார். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் சிலர் அந்தச் சுழற்சியைக் கைவிட்டார்கள். பிறகு சீரான தாளத்தையும் சிலர் விட்டார்கள். இன்னும் சில ஆண்டுகளில் லண்டனில் சிலர் மெட்டையே வைத்துக்கொள்ளாமல் வாசிக்க உட்கார்ந்தார்கள். இத்தனையும் போனபின் பிடித்துக்கொள்ள மிஞ்சுவது ஒன்றுதான்: கூட வாசிப்பவரைக் கேட்பது. லண்டன் குழுவை நடத்திய டிரம்மர் ஜான் ஸ்டீவன்ஸ் தன் ஆட்களிடம் வலியுறுத்தியதும் இதையே. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய் என்று அர்த்தம். இந்த இசைத்தட்டுகளில் பதிவாகியிருப்பது சிலர் ஒருவரை ஒருவர் கூர்ந்து கேட்ட விதம். நாம் செய்யவேண்டியதும் அவர்கள் கேட்பதைக் கேட்பதுதான்.

எதில் கேட்பது, எப்போது கேட்பது

ஒயர் வைத்த சாதாரண இயர்போன் போதும். போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். டபுள் பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியம்) முழுக்கக் காணாமல் போய்விடும், அது போனால் பாதி இசை போச்சு. சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரும் இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். பின்னால் சொல்லப்போகும் ஓர் ஆல்பத்துக்கு அந்தப் பிரிவு மிக முக்கியம்.

செயலியில் மூன்று அமைப்புகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஷஃபிள் வேண்டாம். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு எதையோ ஓட்டும் ஆட்டோபிளே வேண்டாம். எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். இந்த இசையில் மெல்லிய இடம் மெல்லியதாகவே கேட்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை புதுச்சேரி நமக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. மதியம் ஒரு மணிக்குமேல் நிறையக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். மாலை நான்கு மணிவரை தெருக்கள் அடங்கிக் கிடக்கும். விடுமுறை நாளில் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேனைக் குறைத்து வையுங்கள். முழு வேகத்தில் சுற்றினால் பிரஷ் வைத்து வாசிக்கும் டிரம்ஸ் அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும். கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஓர் ஆல்பத்தைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். ஏர் ஹார்னுக்கும் என்ஜினுக்கும் நடுவே சாக்ஸபோன் மட்டும்தான் மிஞ்சும், அதைத் தனியாகக் கேட்டால் கத்தல் மாதிரித்தான் தோன்றும்.

முதல் ஐந்து நிமிடம்

தொடக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டைத்தான் சொல்வேன்: ஆர்னெட் கோல்மனின் 'லோன்லி வுமன்'. 1959 மே 22இல் ஹாலிவுட்டில் பதிவானது. 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' என்ற ஆல்பத்தின் முதல் பாட்டு, நீளம் சுமார் ஐந்து நிமிடம். குழுவில் நான்கு பேர். கோல்மன் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறார், பிளாஸ்டிக்கில் செய்த சாக்ஸபோன் அது. டான் செரி கார்னெட் (டிரம்பெட் போன்ற சின்ன ஊதுவாத்தியம்), சார்லி ஹேடன் டபுள் பேஸ், பில்லி ஹிகின்ஸ் டிரம்ஸ். பியானோ கிடையாது. கார்ட்ஸ் பிடித்து வழி காட்டும் ஆள் இல்லாததால் ஊதுகிறவர்கள் எந்தப் பக்கமும் திரும்பலாம்.

இதை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை சாக்ஸபோனை மறந்துவிட்டு ஹேடனின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஆரம்பத்திலேயே இரண்டு தந்திகளைச் சேர்த்து மெதுவாக, கனமாக மீட்டுவார். மூன்றாவது முறை ஹிகின்ஸின் சிம்பலை மட்டும். அது வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போதுதான் விஷயம் பிடிபடும். டிரம்ஸ் வேகத்தில் ஓடுகிறது, அதன்மேல் மெட்டு நிதானமாக, தனக்கு வேண்டிய இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நகர்கிறது. இரண்டுக்கும் பொதுவான தாளக்கட்டு கையில் அகப்படாது. நம்மில் பலருக்குத் தொடையில் தட்டித் தாளம் போடும் பழக்கம் இருக்கிறது. இந்தப் பாட்டில் அந்தக் கை தடுமாறும். கையை எடுத்துவிடுங்கள். சமம் எங்கே என்று தேடுவதை நிறுத்திய பிறகுதான், கோல்மனும் செரியும் கண்ணசைவிலோ மூச்சிலோ ஒப்பந்தம் செய்துகொண்டதுபோல் ஒன்றாக மெட்டுக்குள் இறங்குவது காதில் விழும். எழுதிவைத்த அடையாளம் இல்லாமல் அப்படிச் சேர்ந்து இறங்க எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் சேர்ந்து செய்த பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஊதலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் பதிலாகக் கொடுப்பேன்.

நம் காதுக்கு ஏற்கெனவே தெரிந்தவை

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. தாளமே இல்லாத ஆலாபனையை அரைமணி நேரம் கேட்கும் பொறுமை நமக்கு இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக் கடைசியில் சேரும்போது உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்வோம். மேற்கத்திய பாப் மட்டும் கேட்டவருக்கு இந்தப் பயிற்சி இருக்காது.

வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மனோதர்மத்துக்கு ராகம், தாளம் என்ற இரண்டு வேலிகள் உண்டு. வாசிப்பவர், கேட்பவர் இருவருக்கும் வேலி எங்கே என்று முன்பே தெரியும். ஃப்ரீ ஜாஸில் வேலி அந்த நேரத்தில்தான் போடப்படுகிறது, பாதியில் பிடுங்கி வேறு இடத்தில் நடப்படுவதும் உண்டு. ராகம் எது என்று கண்டுபிடிக்க முயன்றால் சோர்ந்துதான் போவீர்கள்.

இந்த இடத்தில் பலரும் சாக்ஸபோன் கலைஞர்கள் ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத் சேர்ந்து 2008இல் வெளியிட்ட 'கின்ஸ்மென்' ஆல்பத்தைப் பரிந்துரைப்பார்கள். கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் உண்டு. அருமையான இசை. ஆனால் முதல் படியாக வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்த கமகம் வந்தவுடன் காது அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. ஓரளவு பழகிய பிறகு அந்த ஆல்பத்துக்குப் போனால், இரண்டு சாக்ஸபோன்களும் ஒன்றை ஒன்று எங்கே சீண்டுகின்றன என்பது தனியாகத் தெரியும்.

தம்பூரா இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. அந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர், 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சுவாமிதான். தலைப்புப் பாட்டில் தம்பூரா ரீங்கரிக்கும், செசில் மக்பீயின் பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், அதன்மேல் ஆலிஸின் ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன். கடினமே இல்லாத இசை. இங்கேயே தங்கிவிடவும் ஆசை வரும், தங்குங்கள், தப்பில்லை.

சத்தம் பிடிக்காதவர்களுக்கு

ஃப்ரீ ஜாஸ் என்றால் அலறல் என்று நினைப்பவர்கள் ஜிம்மி ஜூஃப்ரியின் மூவர் குழுவைக் கேட்டிருக்க மாட்டார்கள். கிளாரினெட், பியானோ, பேஸ். டிரம்ஸ் கிடையாது. ஜூஃப்ரி, பால் ப்ளே, ஸ்டீவ் ஸ்வாலோ ஆகிய மூவரும் 1961இல் 'ஃப்யூஷன்', 'தீசிஸ்' என்று இரண்டு ஆல்பங்கள் செய்தார்கள். ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் இரண்டையும் சேர்த்து '1961' என்ற பெயரில் 1992இல் மறுவெளியீடு செய்தது. அதில் 'ஜீசஸ் மரியா' என்ற பாட்டைப் போட்டுப் பாருங்கள். மூன்று பேரும் எவ்வளவு கொஞ்சமாக வாசிக்கிறார்கள்! ஒருவர் ஒரு சுரத்தை விட்டுவிட்டு ஒதுங்குகிறார், அடுத்தவர் அது அடங்கும்வரை காத்திருக்கிறார். அந்தக் காலத்தில் இதற்கு ஆதரவே இல்லை. ஒருநாள் இரவு வாசித்து முடித்தபோது ஆளுக்கு 35 சென்ட்தான் கிடைத்தது, அன்றோடு குழு கலைந்தது என்று சொல்வார்கள். இத்தனை நுணுக்கமான இசைக்கு அந்த கதி நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதே வரிசையில் பேஸ் வாசிக்கும் டேவ் ஹாலண்டின் 'கான்ஃபரன்ஸ் ஆஃப் தி பேர்ட்ஸ்'. 1972 நவம்பரில் பதிவானது. பேஸ், டிரம்ஸ், இரண்டு ஊதுவாத்தியக்காரர்கள். சாம் ரிவர்ஸ், ஆண்டனி பிராக்ஸ்டன் இருவரும் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மாற்றி மாற்றி எடுப்பார்கள். ஹாலண்ட் லண்டனில் குடியிருந்தபோது விடிகாலையில் பறவைகள் ஒவ்வொன்றாகக் குரல் சேர்ப்பதைக் கேட்டிருக்கிறார், தலைப்புப் பாட்டு அதிலிருந்து வந்தது. தாவரவியல் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். மற்றப் பாட்டுகளில் வேகம் கூடும், பயப்பட வேண்டாம்.

தாளக் கணக்கு பிடித்தவர்களுக்கு எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்'. 1964 பிப்ரவரியில் ஐந்து பேர் சேர்ந்து வாசித்தது. முதல் பாட்டு 'ஹேட் அண்ட் பியர்ட்' பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கை மனத்தில் வைத்து எழுதியது. அடியில் ஓடும் வரியை ஒன்பதாக எண்ணிப் பாருங்கள். அதற்குமேல் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட் (தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் பெரிய கிளாரினெட்) தாவித்தாவிப் போகும். பியானோ இருக்கவேண்டிய இடத்தில் உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் கண்ணாடி மாதிரி ஒலிக்கும். டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு அப்போது வயது 18. டால்ஃபி அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே பெர்லினில் இறந்துபோனார், வயது 36.

சத்தத்துக்குள் போவது

இங்கேதான் துணிச்சல் வேண்டும். ஆல்பர்ட் அய்லரின் 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி', 1964 ஜூலை 10. டெனர் சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ். முழு ஆல்பமும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'கோஸ்ட்ஸ்' என்ற மெட்டு இரண்டு வடிவங்களில் வருகிறது. குழந்தைகள்கூடத் திருப்பிப் பாடிவிடக்கூடிய எளிய மெட்டு அது. முதலில் அதை வாயால் முணுமுணுக்கும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு அய்லர் அதை எங்கே விடுகிறார், எங்கே திரும்பி வந்து எடுக்கிறார் என்று பாருங்கள்.

அவருடைய தொனி முதலில் அதிரவைக்கும். நான் ஒன்று சொல்கிறேன்: வில்லியனூர்த் தேர் நகரும்போது நாகஸ்வரத்துக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? திறந்தவெளியில், கூட்டத்தின் ஆரவாரத்தை மீறி, நெஞ்சில் அறையும்படி வாசிக்கும் வாத்தியம் நமக்குப் புதிதல்ல. அந்த நினைவோடு அய்லரிடம் போங்கள். அது வலியால் வரும் கத்தல் என்று தோன்றாது, வேண்டுதல் மாதிரி கேட்கும். கூடவே கேரி பீகாக்கின் பேஸைக் கவனியுங்கள். சாக்ஸபோனுக்குத் தாங்கலாக நிற்காமல் தனக்கென்று ஒரு பாதையில் போவார். சன்னி மர்ரியின் சிம்பல் தாளத்தை எண்ணாது, அலையலையாக விரியும்.

அடுத்தது இரண்டே பேர். ஜான் கோல்ட்ரேனும் டிரம்மர் ரஷீத் அலியும் 1967 பிப்ரவரி 22இல் வாசித்த 'இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்'. கோல்ட்ரேன் அதே ஜூலையில் இறந்தார், ஆல்பம் 1974இல்தான் வெளிவந்தது. பாட்டுகளுக்குக் கிரகங்களின் பெயர். 'வீனஸ்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள், அதுதான் இருப்பதிலேயே இளகியது. தொடக்கத்தில் கோல்ட்ரேன் சின்ன மணிகளைக் குலுக்குவார், பிறகு சாக்ஸபோனை எடுப்பார். முடிவில் மறுபடி மணி. மணிச் சத்தம் கேட்டால் பாட்டு முடியப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொலைந்துபோனவர்களுக்கு அது நல்ல அடையாளம். இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒரு காதை மூடிக் கேட்கும் ஆல்பம்

கோல்மன் 1960 டிசம்பர் 21இல் 'ஃப்ரீ ஜாஸ்' என்ற பெயரிலேயே ஓர் ஆல்பம் பதிவு செய்தார். எட்டுப் பேர், ஆனால் இரண்டு நால்வர் குழுக்கள். இடது பக்கம் ஒரு குழு, வலது பக்கம் இன்னொன்று. சுமார் 37 நிமிடம் நிற்காமல் ஓடும் ஒரே பாட்டு.

செய்யவேண்டியது எளிது. முதலில் இடது இயர்போனை மட்டும் மாட்டிப் பத்து நிமிடம் கேளுங்கள். கோல்மன், செரி, ஸ்காட் லஃபாரோ, ஹிகின்ஸ் கிடைப்பார்கள். அப்புறம் வலதை மட்டும் மாட்டி அதே பத்து நிமிடம். டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், ஹேடன், எட் பிளாக்வெல். கடைசியாக இரண்டையும் மாட்டுங்கள். முதலில் இரைச்சலாகக் கேட்டது இப்போது இரண்டு அறைகளாகப் பிரிந்து நிற்கும். போனில் இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ ஆடியோ இயங்கிக்கொண்டிருந்தால் இது நடக்காது, அதை முதலில் நிறுத்துங்கள்.

பாரிஸும் கோட்டக்கரையும்

ஷிகாகோவின் கறுப்பின இசைக்கலைஞர்கள் 1965இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்த ஆர்ட் என்செம்பிள் ஆஃப் ஷிகாகோ 1969 கோடையில் பாரிஸுக்குப் போனது. லெஸ்டர் போவி, ராஸ்கோ மிட்செல், ஜோசப் ஜார்மன், மலாக்கி ஃபேவர்ஸ். அந்த நேரத்தில் அவர்களிடம் தனி டிரம்மர் கிடையாது. அதனால் மணி, விசில், கோங் என்று கைக்குக் கிடைத்த சின்ன வாத்தியங்களை எல்லோரும் பகிர்ந்து வாசித்தார்கள். ஜூலையில் பாரிஸை ஒட்டிய பூலோனில் பதிவான 'பீப்பிள் இன் சாரோ' நாற்பது நிமிடம் போகும். ஆரம்பம் கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லியது. சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஒரு மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும், அவசரப்படுத்த முடியாது.

இதைக் கேட்பதற்கு முன்போ பின்போ ஆரோவில்லில் கோட்டக்கரைப் பக்கம் இருக்கும் ஸ்வரம் வாத்தியப் பட்டறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். உலோகக் குழாய், மணி, கல் என்று தட்டி ஒலி பார்க்கக்கூடிய பொருள்கள் அங்கே இருக்கின்றன. ஒரே ஒரு மணியைத் தட்டி ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்து பாருங்கள். அந்த அனுபவம் இல்லாமல் இந்த ஆல்பத்தின் முதல் பத்து நிமிடம் பலருக்குக் காலியாகத்தான் தெரியும்.

சேர்ந்து கேட்பது

தனியாகக் கேட்பதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் பழகும். மொட்டை மாடியில் இரண்டு ஸ்பீக்கரை ஆறடி இடைவெளியில் வையுங்கள். ஒரு ஆல்பத்தின் ஒரு பக்கம் (பழைய இசைத்தட்டின் ஒரு புறம்) மட்டும், சுமார் இருபது நிமிடம். ஓடும்போது யாரும் பேசக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது. ஒவ்வொருவரும் ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அண்ணன் பேஸ், தங்கை டிரம்ஸ், நண்பர் டிரம்பெட். முடிந்ததும் ஒரே கேள்வி: உங்கள் ஆள் எப்போது மற்றவருக்கு வழிவிட்டார்? பிடித்ததா இல்லையா என்று கேட்டால் பேச்சு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்தக் கேள்வி கேட்டால் அதே பக்கத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டிவரும்.

நடுவில் ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்செம்பிளின் 'கார்யோபின்' ஆல்பத்தை ஒருநாள் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன ஜான் ஸ்டீவன்ஸின் குழு, 1968 பிப்ரவரி, லண்டன். ஐந்து பேர். மெட்டு எதுவும் இல்லை, ஆனால் எங்கும் நெரிசல் இல்லை. டெரெக் பெய்லியின் கிடார் பெரும்பாலும் அங்கங்கே ஒரு சொட்டு. கூட்டாகக் கேட்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

நேரில் கேட்க, ஜூன் 21 உலக இசை நாளையொட்டி நம் ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகளையும், சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் ஃப்ரான்சேஸிலும் ஆரோவில்லிலும் நடப்பவற்றையும் கவனித்துக்கொண்டே இருங்கள். எல்லாம் ஜாஸாக இருக்காது. ஆனால் வாசிப்பவர் கண்ணால் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மேடைக்குப் பக்கத்தில்தான் பார்க்க முடியும்.

அதற்கப்புறம் எங்கே போவது

தலைப்பில் பெயர் உள்ளவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் வாசித்தவரைப் பின்தொடருங்கள். பட்டியல் தானாக நீளும். அய்லரோடு வாசித்த கேரி பீகாக், 1983இலிருந்து பியானோக்காரர் கீத் ஜாரெட்டின் மூவர் குழுவில் பழைய பாட்டுகளை வாசித்தார். அதே கை இரண்டு இடத்திலும் என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஹேடன், செரி, பிளாக்வெல் மூவரும் சாக்ஸபோன்காரர் டூயி ரெட்மனோடு சேர்ந்து 'ஓல்ட் அண்ட் நியூ ட்ரீம்ஸ்' என்ற குழுவை நடத்தினார்கள். செரி இன்னொரு பக்கம் காலின் வால்காட், நானா வாஸ்கன்செலஸ் இருவரோடு 'கொடோனா' என்ற மூவர் குழுவில் இருந்தார். அதன் முதல் ஆல்பம் 1979இல் வந்தது, வால்காட் சித்தாரும் தபலாவும் வாசிப்பார். இன்றைய ஆட்கள் வேண்டும் என்றால் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக்காரர் விஜய் ஐயர், லிண்டா மே ஹான் ஓ (பேஸ்), டைஷான் சோரி (டிரம்ஸ்) ஆகியோரோடு 2021இல் வெளியிட்ட 'அன்ஈசி' இருக்கிறது. அதில் பேஸிலிருந்து தொடங்குங்கள்.